மறு: ஆஃப்லைன் ஆவணம் – முடக்கலையா, கைவசமா?

தக்கலை, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். லிப்ரெஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் உதவிப் பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். எஃப்1 அழுத்தினால், உதவித் தொகுப்பு நிறுவியிருக்கிற கணினியில் அங்குள்ள பக்கமே திறக்கும். இல்லையென்றால் இணையத்துக்குப் போகும். இந்த இரண்டு வகைக்கும் எங்கள் குழுவிலேயே மூன்று பெயர் ஓடுகிறது: இயங்கலை–முடக்கலை, நிகழ்நிலை–அகல்நிலை, ஆன்லைன்–ஆஃப்லைன். ஏதாவது ஒன்றை முடிவு செய்து தாருங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முடக்கலை வேண்டாம். முடக்கு + அலை என்றால் குற்றியலுகரம் கெட்டு முடக்கலை ஆகும், புணர்ச்சியில் பிழை இல்லை. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு அது முடக்கல் + ஐ. இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற தொழிற்பெயர். இயங்கலைக்கும் இதே கதிதான். 'முடக்கலையைத் திற' என்று எழுதினால் மாணவன் இரண்டு ஐகாரத்தைப் பார்த்து விழிப்பான். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தில் வரும் அதங்கோட்டு ஆசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்கிற மாவட்டம் இது. அவர் முன் நூலை 'அரில்தபத் தெரிந்து' அரங்கேற்றியதாகப் பாயிரம் சொல்கிறது. அரில் என்பது குற்றம் என்று கொள்வர். பின்னிக் கிடக்கும் தூறு என்ற பொருளும் உண்டு. அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

குளச்சல், நிரலாளர்:

ஐயா, 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', அதாவது காலத்தோடு வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்றதும் அதே தொல்காப்பியம்தானே. ஆன்லைன், ஆஃப்லைன் எங்கள் ஊரில் மீன் ஏலம் எடுப்பவர் வரைக்கும் தெரியும். நிகழ்நிலை இலங்கையில் ஊன்றிய சொல். 2024இல் வந்த சட்டத்துக்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றுதான் பெயர். இங்கே அதை நிகழ்நேரத்தோடு (ரியல் டைம்) குழப்பிக்கொள்கிறார்கள்.

குலசேகரம், கணினி ஆசிரியை:

சார், குளச்சல் தம்பி சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் கையேட்டைத் திரையில் காட்டும் மேன் கட்டளையின் விளக்கத்திலேயே வெகுகாலம் 'ஆன்லைன் கையேடு' என்றுதான் இருந்தது. அங்கே இணையம் பொருளே அல்ல. அச்சுப் புத்தகத்தைப் புரட்டாமல் திரையிலேயே படிக்கலாம் என்பதுதான் பொருள். இன்றைய கணக்கில் அது ஆஃப்லைன்! பழைய ஆவணங்களில் அந்தச் சொல்லைக் கண்டதும் 'இணையவழி' என்று போட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

அதனால் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஆவணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். என் வகுப்பில் பேச்சிப்பாறைக்கு மேலேயிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் சிக்னல் நிற்காது. 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டமே இருண்டது. ஜெனரேட்டர் வைத்துக் கணினியை ஓட்டலாம், நெட்டை ஓட்ட முடியாது. பைத்தான் நிரல்மொழியின் ஆவணத்தை எச்டிஎம்எல் (வலைப்பக்கம்), ஈபப் (மின்னூல்) வடிவங்களில் இறக்கிக் கொடுக்கிறேன். பெரிய திரையில் எச்டிஎம்எல் நல்லது. போனில் ஈபப்தான் வசதி, திரைக்கு ஏற்ப வரி மடங்கும். பிடிஎஃப்பை நகர்த்தி நகர்த்தித்தான் படிக்க வேண்டும். இன்னொரு லாபம், நிறுவியிருக்கிற பதிப்புக்கு உரிய ஆவணமே கையில் இருக்கும். இணையப் பக்கம் புதிய பதிப்பைக் காட்டும். இவர்கள் கணினியில் இல்லாத பட்டியை (மெனுவை)த் தேடிக்கொண்டிருப்பார்கள். பிழை திருத்தம் உடனே கிடைப்பது இணையத்தில்தான், அதையும் மறுக்கவில்லை.

இப்படி வேலை செய்கிற ஒன்றை முடங்கியது என்று எழுத எனக்கு மனமில்லை. 'இணைய உதவி', 'கைவச உதவி' என்று வைக்கலாமே?

நாகர்கோவில், தமிழாசிரியர்:

டீச்சர், கருத்து நன்று. ஆனால் வசம் வடசொல். 'கையிருப்பு' என்றால் முழுத்தமிழ்.

தக்கலை:

ஐயா, கையிருப்பு என்றதும் ரேஷன் கடைப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. கைவசம் யாருக்கும் புரியும்.

குளச்சல்:

கைவசம் புரியும், சரி. ஆனால் 'ஆஃப்லைனில் வேலை செய்' என்ற பட்டிக்கு? 'கைவசத்தில் வேலை செய்' என்று எழுத முடியாது. அங்கே ஆஃப்லைன்தான் என்பேன்.

குலசேகரம்:

அது நிலை, இது ஆவணம். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டியதில்லை. அந்தப் பட்டிக்கு 'இணைப்பின்றி' போதும்.

தக்கலை:

மழையில் இங்கே மின்சாரம் போய்ப்போய் வருகிறது. பெரும்பாலோர் சொன்னபடி 'இணைய உதவி', 'கைவச உதவி' என்று இன்றிரவு ஏற்றுகிறேன். பட்டிக்கு 'இணைப்பின்றி'. ஆட்சேபம் இருந்தால் அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

நாகர்கோவில், தமிழாசிரியர்:

கையிருப்புக்கு என் வாக்கைப் பதிந்துகொள்ளுங்கள். அரில் பற்றிய மடல் நாளை வரும்.