மறுமொழி: மோட்டார்ஹோமின் 'மார்க்கர் லைட்' – தமிழில் ஒரு சொல் போதாது

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கி வாழும் வசதி கொண்ட வண்டி) பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, வண்டியின் விளிம்புகளைக் காட்ட எரியும் சிறு விளக்கான 'மார்க்கர் லைட்' என்பதற்கு முன்மொழியப்பட்ட 'குறிவிளக்கு', 'பக்க விளக்கு' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. எதைக் குறிக்கும் விளக்கு என்பதை முன்னது சொல்லவில்லை. பின்னதோ, பிரித்தானிய வழக்கில் வண்டியின் முகப்பில் எரியும் பார்க்கிங் விளக்கையே சுட்டும்.

பேச்சில் 'மார்க்கர் லைட்' என்ற ஒரே பெயரால் வழங்கினாலும் இவை மூவகை விளக்குகள். அமெரிக்கக் கூட்டரசின் 108ஆம் எண் பாதுகாப்புத் தரத்தின்படி, 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள மோட்டார்ஹோமின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக 'கிளியரன்ஸ்' விளக்குகள் எரிந்து அதன் முழு அகலத்தைக் காட்ட வேண்டும். அவற்றுக்கு நடுவே, உச்சியை ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று மூன்றாக அமையும் விளக்குகள் வருவது அகன்ற வண்டி என்பதைத் தொலைவிலேயே உணர்த்துகின்றன. விலாப்புறத்தில் உள்ளவை நீளத்தைக் காட்டுபவை. வண்டி 30 அடியை எட்டினால் இடையிலும் ஒன்று வேண்டும். முன்னும் இடையிலும் அம்பர் மஞ்சள், பின்னே சிவப்பு.

ஆகவே பொதுப்பெயராக 'வரம்பு விளக்கு' என்பதையும், வகைப்பெயர்களாக 'அகலங்காட்டி', 'மூவிளக்கு', 'நீளங்காட்டி' என்பனவற்றையும் பரிந்துரைக்கிறேன். 'காட்டி' என்றால் அளவுகருவி என்று மயங்க நேருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அளக்கும் கருவிக்கு 'மானி' என்ற ஈறு நிலைத்துவிட்டது. திசைகாட்டி, வழிகாட்டி என்ற வரிசையில் இவை இயல்பாகவே சேரும்.

ஏணியில் நின்று வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பயன்பட வேண்டும் என்பதே என் கவலை. வெயிலில் மஞ்சளித்து வெடித்த மூடியைக் கழற்றினால், அடியில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். பழைய திருகுத் துளைகள் வழியே மழைநீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். பழைய சிலிக்கான் பசையின் மேல் புதிய பூச்சு ஒட்டாது என்பதால், அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் ஒட்டுப்பட்டையை வைத்துப் புதிய விளக்கைத் திருக வேண்டும். மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் மட்டும் பூசி, உள்ளே புகும் நீர் வடிவதற்காகக் கீழ்விளிம்பைத் திறந்தே விட வேண்டும். பழைய கூட்டை வைத்துக்கொண்டு எல்.இ.டி. பல்பை மட்டும் மாற்றுபவருக்கு, அது எரியாவிட்டால் மின்முனை மாறியிருக்கலாம் என்பதால் கழற்றித் திருப்பிச் செருகிப் பார்க்கும்படி ஒரு வரி எழுதினால் போதும். இத்தனை படிகளிலும் 'குறிவிளக்கைக் கழற்றுக' என்றே எழுதிச் சென்றால், எந்த நிறத்தை எங்கே பொருத்துவது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மூலையில் 45 பாகைக் கோணத்தில் பொருத்தப்படும் ஒற்றை விளக்கு, அகலம் நீளம் இரண்டையும் காட்டும் வகையில் வடிவமைக்கப்படுவதுண்டு. செயலால் பெயரிடும் நம் முறைப்படி 'அகலநீளங்காட்டி' என்றாக வேண்டும். அது நாவில் புரளவில்லை. 'மூலை வரம்பு விளக்கு' என்று இடத்தால் பெயரிட்டு, முதன்முறை வரும் இடத்தில் அதன் இரு பணிகளையும் விளக்கிவிடலாம் என்று கருதுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமேனும் இருந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.