டிராஃப்ட் பிக்: ‘தெரிவுரிமை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் பேஸ்பால் சொற்பட்டியலில் ‘டிராஃப்ட் பிக் டிரேட் வேல்யூ’ என்பதற்குத் தமிழில் வந்த பரிந்துரைகளைப் படித்தேன். டிராஃப்ட் என்பது அணிகள் ஆண்டுதோறும் வரிசை முறையில் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வு. பிக் என்பது அதில் ஒருவரை எடுக்கும் வாய்ப்பு, டிரேட் வேல்யூ அதைக் கைமாற்றும்போது அதற்குள்ள மதிப்பு. ‘வரைவுத் தேர்வு வணிக மதிப்பு’ வேண்டாம் என்பதே என் கருத்து. வரைவு என்றால் நமக்குச் சட்ட வரைவும் அறிக்கை வரைவும் படம் வரைவதும்தான். தேர்வு என்றாலோ பரீட்சை. இரண்டையும் சேர்த்தால் படிப்பவருக்கு ஓவியப் பரீட்சைதான் கண்முன் வரும். இலங்கை நண்பர்கள் இயல்பாகச் சொல்லும் ‘தெரிவு’ இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆகவே டிராஃப்டுக்குப் ‘புதுமுகத் தெரிவு’. இதில் பெரிய சண்டை வராது என்று நம்புகிறேன்.

‘பிக்’ என்பதுதான் சிக்கல். ‘தெரிவு முறை’ என்ற பரிந்துரை எனக்கும் முதலில் பிடித்தது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களில், தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, பிறகு அவர் முறையை வாங்கிக்கொள்வது வழக்கம். இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ‘41-ஆம் முறை’ என்று எழுதிப் பாருங்கள். நாற்பத்தொரு தடவை ஏதோ நடந்துவிட்டது போல ஒலிக்கிறது.

அந்த 41-ஐ நான் சும்மா சொல்லவில்லை. 2015 ஏப்ரலில், சீசன் தொடங்கும் தறுவாயில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணி தன் நட்சத்திர வீச்சாளர் கிரெய்க் கிம்பரெலைச் சான் டியாகோ பாட்ரேஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவற்றில் வீரர்களோடு, அந்த ஆண்டுத் தெரிவில் 41-ஆவது ஆளை எடுக்கும் உரிமையும் ஒன்று. ஜூனில் அட்லாண்டா அதைக் கொண்டு மிசிசிப்பியிலிருந்து ஒரு பள்ளி மாணவரை எடுத்தது. அவர்தான் ஆஸ்டின் ரைலி. 2021-இல் உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டத்தை) வென்ற அட்லாண்டா அணியின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர், 2022-இல் பத்து ஆண்டுகளுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர்.

‘பாட்ரேஸ் கிம்பரெலுக்காக ரைலியைத் தூக்கிக் கொடுத்தது’ என்று ரசிகர்கள் பேசுவது உண்டு. இது தவறு. ஏப்ரலில் கைமாறிய பொருளுக்கு முகமே கிடையாது. முன்னால் நாற்பது பேர் எடுக்கப்பட்ட பிறகு யார் மிஞ்சுவார் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தின் ‘பிக்’ உரிமையையும் குறிக்கிறது, எடுக்கப்பட்ட ஆளையும் குறிக்கிறது. நாம் பிரித்துவிடலாம்: உரிமை ‘தெரிவுரிமை’, ஆள் ‘தெரிவானவர்’. ‘41-ஆம் தெரிவுரிமை’ என்று எழுதினால் மயக்கம் இல்லை. இதைப் பற்றி முன்பே ஒருவர் கேட்டிருந்தார்:

> உரிமை என்றால் வீரர் மேல் அணிக்கு உள்ள உரிமை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி ஐயா. ஆனால் தெரிவு செய்யும் உரிமை என்றுதான் சொல் விரிகிறது. வீரர் மேல் அணிக்கு உள்ள பிடியை ‘கட்டுப்பாட்டுக் காலம்’ என்று தனியே சொல்லிவிடலாம். மதிப்புக் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. பெரிய லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையில்) ஆறு ஆண்டுச் சேவை முடிந்தால்தான் ஒருவர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2024-இல் அது 7,40,000 டாலர். அதே ஆட்டத்தைச் சந்தையில் வாங்கினால் கோடிக்கணக்கில் ஆகும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அணியின் ஆதாயம். இதற்கு ‘உபரி மதிப்பு’ வேண்டாம், அது மார்க்ஸின் சொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதுவே அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளக் காரணமாகப் படுகிறது. உழைப்பவர் ஈட்டித் தருவதற்கும் அவர் பெறுவதற்கும் உள்ள வித்தியாசம்தானே இங்கேயும் பேச்சு? தாராளமாக உபரி மதிப்பு என்றே வைக்கலாம்.

அப்புறம் ‘டிரேட் வேல்யூ’. இங்கே பேஸ்பாலை அமெரிக்கக் கால்பந்தோடு கலந்துவிடக் கூடாது. அங்கே எல்லா உரிமையும் கைமாறும். எந்த உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்று டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 1990-களில் வைத்திருந்த பட்டியலில் முதல் உரிமைக்கு 3000 புள்ளி, 32-ஆவதற்கு 590. பேஸ்பாலிலோ சாதாரணச் சுற்று உரிமைகளை விற்கவோ மாற்றவோ முடியாது. மாற்றக்கூடியது சிறு நகர, குறைந்த வருவாய் அணிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ‘சமநிலைத் தெரிவுரிமை’ மட்டுமே. அதையும் ஒரே தடவைதான் மாற்றலாம், வெறும் பணத்துக்குக் கொடுக்க முடியாது. பாட்ரேஸ் கொடுத்தது அந்த வகை.

ஆனால் மாற்ற முடியாதவற்றுக்கும் மதிப்பு உண்டு. வேறு அணியின் பெரிய வீரர் ஒருவரை ஒப்பந்தம் செய்தால் சில சமயம் தெரிவுரிமையை இழக்க வேண்டும். அப்போது அதன் மதிப்பைக் கணக்கிடாமல் முடிவெடுக்க முடியாது. 2009-இல் ஏஞ்சல்ஸ் அணி, பின்னாளில் பெரும் நட்சத்திரமான மைக் ட்ரௌட்டை எடுத்த 25-ஆம் உரிமை, தன் வீரர் மார்க் டெஷேரா யாங்கீஸ் அணிக்குப் போனதற்கு ஈடாக அன்றைய விதிப்படி கிடைத்ததுதான். மறுபக்கம், 1966-இல் மெட்ஸ் அணி முதல் உரிமையில் எடுத்த ஸ்டீவ் சில்காட் பெரிய லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அடுத்து எடுக்கப்பட்டவர் பின்னாளில் பெரும் நட்சத்திரமான ரெஜி ஜாக்சன். அதனால் சொற்பட்டியலில் இரண்டு பதிவுகள் வேண்டும். எல்லா உரிமைக்கும் ‘தெரிவுரிமை மதிப்பு’, கைமாறக்கூடியவற்றுக்கு மட்டும் ‘பரிமாற்ற மதிப்பு’. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த விளையாட்டின் விதியே மறைந்துவிடும். ‘விலை’ எங்கும் வேண்டாம். எடைபோடும் வேலைக்கு மதிப்பீடு, அதில் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பு.

தெரிவுரிமையோடு அதற்கென லீக் நிர்ணயித்த தொகையும் சேர்ந்தே போகிறது. வாங்கிய அணி புதுமுகங்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்த ஒப்பந்தத் தொகையின் வரம்பு அந்த அளவு உயரும், அதை அந்த அணி வேறு இளைஞருக்கும் செலவிடலாம். அதாவது அட்லாண்டாவுக்குக் கிடைத்தது ஒரு உரிமை மட்டும் அல்ல, செலவு செய்யக் கூடுதல் இடமும்தான். இந்த ‘ஸ்லாட் வேல்யூ’வுக்கு ‘இட ஒதுக்கீட்டுத் தொகை’ என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும், எனவே அதை மாற்றியே ஆக வேண்டும். இப்போதைக்கு ‘நிர்ணயத் தொகை’ என்று போட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அனுப்புங்கள்.