0.2 சதவீதத்தை வைத்துப் பையன்களின் வகுப்பை மூடிவிடலாமா?

வைகைக்கரை:
நேற்று வேறொரு இழையில் கணக்கு வாத்தியார் எழுதியது: "பையன்களுக்குப் பள்ளியில் பாலியல் நலக் கல்வி கொடுத்துப் பார்த்தாயிற்று. வித்தியாசம் 0.2 சதவீதம். ஆய்வே முடித்து வைத்துவிட்டது." படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. அவர் சொல்வது பிரிட்டனில் 66 பள்ளிகளில் நடந்த ஜாக் ஆய்வு. பதின்வயதுக் கர்ப்பத்தில் பையன்களுக்கும் பொறுப்புண்டு என்று சொல்லித்தரும் புது வகுப்பைச் சோதித்த ஆய்வு. 2022இல் முடிவு வந்தது. வகுப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, பாதுகாப்பற்ற உறவைத் தவிர்த்தவர்கள் புது வகுப்பு நடந்த பள்ளிகளில் 86.6 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 86.4. எண் சரிதான். ஆனால் அந்த மற்றப் பள்ளிகள் ஒன்றுமே சொல்லித்தராத பள்ளிகள் இல்லை. வழக்கமான பாலியல் கல்வி அங்கேயும் நடந்தது. புது வகுப்பைப் பழைய வகுப்போடு ஒப்பிட்டதை, வகுப்பே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக்குகிறார்.

கணக்கு வாத்தியார்:
86.6இல் 86.4 போனால் எவ்வளவு தம்பி? 0.2. எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். சரி, ஜாக் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பு: பள்ளிப் பாலியல் கல்வி பற்றி 8 ஆய்வுகள், 55,157 மாணவர்கள். பாடம் மட்டும் நடத்தியதால் எச்.ஐ.வி. குறைந்ததற்கும் கர்ப்பம் குறைந்ததற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இதற்கும் ஒரு கதை வைத்திருப்பீர்களே?

மருதாணி:
அந்த எட்டில் ஐந்து ஆப்பிரிக்காவில் நடந்தவை. மீதி சிலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து. நம் நாடு எங்கே சார்? ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆண் பெண் சமத்துவம் பற்றி இரண்டரை வருஷம் வகுப்பு. பையன்களின் எண்ணம் மாறியது, வீட்டு வேலையில் கைகொடுப்பதாகவும் சொன்னார்கள். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டீர்கள்.

கணக்கு வாத்தியார்:
"சொன்னார்கள்." அவ்வளவுதானே அம்மா? தான்சானியாவில் ம்வான்சா பக்கம் பாலியல் நல வகுப்பு நடத்திய ஆய்விலும், பாதுகாப்பாக நடந்துகொள்வதாகப் பையன்கள் நன்றாகவே சொன்னார்கள், அறிவும் கூடியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எச்.ஐ.வி.யும் குறையவில்லை, ஹெர்பிஸ் என்ற பால்வினைத் தொற்றும் குறையவில்லை. பையன் வாயால் சொல்வதை நம்பி மதிப்பெண் போட்டால் எல்லா வகுப்பும் நூற்றுக்கு நூறுதான். 0.2க்குப் பதில் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
சொல்லிவிட்டேன், மறுபடி சொல்கிறேன். இரண்டு பக்கமும் வகுப்பு நடந்தது. இரண்டு பக்கமும்! தவிர, பதின்மூன்று பதினான்கு வயதில் சேர்ந்த பிள்ளைகள். பெரும்பாலோர் உறவே கொண்டிராதவர்கள், அவர்களும் 'தவிர்த்தவர்கள்' கணக்கில்தான். அந்த எண்ணில் ஏற இடமே கொஞ்சம். அதே ஆய்வில் அறிவும் மனப்பான்மையும் கூடியதை நீங்கள் எழுதவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், நம் பையன்களுக்கு எதை அளக்க வேண்டும் என்பது. அரசு மருத்துவமனையில் ஆலோசகராக உட்கார்ந்தவன் நான். என் முன்னால் வந்த பிளஸ் ஒன் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தான். செய்தித்தாளில் மடித்து ஸ்டேப்ளர் அடித்த பழுப்புப் பொடி. லாட்ஜில் முகாம் போட்ட ஒரு போலி வைத்தியர், பாலில் கலந்து ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். டியூஷன் பணத்தைக் கொடுத்து வாங்கியிருக்கிறான். தூக்கத்தில் விந்து வெளியேறியதற்கு! அது இயல்பு என்று ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை. "விந்து விட்டவன் நொந்து கெட்டான்" என்பதை மட்டும் கேட்டிருக்கிறான். இப்படிப் பயந்து சாகும் பையன்கள் வகுப்புக்குப் பிறகு குறைந்தார்களா, சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள். அதுதான் மதிப்பீடு. எச்.ஐ.வி. எண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பையன் உங்கள் கணக்கிலேயே வரமாட்டான்.

பொதிகை மூலிகை:
லாட்ஜ், பொடி என்று எழுதிச் சித்த மருத்துவத்தை இழுக்கிறீர்கள். முறையாகப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் யாரும் லாட்ஜில் உட்காருவதில்லை.

வைகைக்கரை:
போலி என்றுதான் எழுதினேன். இன்னொரு தடவை படியுங்கள்.

பொதிகை மூலிகை:
போலி ஆங்கில மருத்துவர் ஊசி போட்டால் இப்படி எழுதுவீர்களா? போன மாதம் நிலவேம்பு இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

கணக்கு வாத்தியார்:
2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் எல்லாம் இந்தப் பாடத்தை நிறுத்தினவே. அத்தனை பேரும் முட்டாள்களா?

மருதாணி:
நிறுத்தியது ஆய்வைப் படித்துவிட்டா? படங்கள் ஆபாசம், பண்பாடு கெடும் என்று எழுந்த எதிர்ப்பால். என் பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். உங்களைப் போன்ற வாத்தியார்கள்தான்.

கணக்கு வாத்தியார்:
நான் கணக்கு எடுத்தவன். என் மேல் ஏன் பாய்கிறீர்கள்? இருபாலர் பள்ளி விவாதத்தில் தோற்றதை இன்னும் மறக்கவில்லை போலும்.

மருதாணி:
தோற்றேனா? நீங்கள் பாதியில் எழுந்து போனதற்குப் பெயர் வெற்றியா?

வைகைக்கரை:
இரண்டு பேரும் அந்தச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஐயா, ஒரே கேள்வி. ஒன்றுமே சொல்லித்தராத பள்ளியோடு ஒப்பிட்டார்களா, இல்லையா?

கணக்கு வாத்தியார்:
முதலில் மருதாணி அம்மா வருத்தம் தெரிவிக்கட்டும். அப்புறம் பேசுவோம்.