கடுகு டப்பாவில் இரண்டு அடகுச் சீட்டுகள்

செல்வி: சித்தப்பா, ஜாக் தி ரிப்பர் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன்.

சித்தப்பா: அதற்குள்ளாகவா! 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்றுவிட்டுக் கடைசிவரை பிடிபடாதவன் ஆயிற்றே. சொல், உன் சந்தேகம் யார் மீது? 1894இல் லண்டன் போலீஸ் அதிகாரி மெக்நாட்டன் எழுதிவைத்த குறிப்பில் ட்ரூயிட், கோஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ராக் என்று சந்தேகத்துக்குரிய மூன்று பேர். நான் கோஸ்மின்ஸ்கி பக்கம்.

கதிர்: கொலையான ஒரு பெண்ணுடையது என்று சொல்லப்பட்ட சால்வையில் எடுத்த டிஎன்ஏ அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று செய்தி வந்ததே, அக்கா?

செல்வி: அந்தச் சால்வை கொலை நடந்த இடத்தில் கிடந்தது என்பதற்கே ஆதாரம் கிடையாது, கதிர். கொலையான அந்த கேத்தரின் எட்டோஸிடம் இருந்தவற்றைப் போலீஸ் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது. அதில் சால்வை இல்லை.

செல்வி: என்னைத் தூங்கவிடாதது அந்தப் பட்டியல்தான். ஒரு தகரப் பெட்டியில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை, சோப்புத் துண்டுகள், சீப்பு, ஊசிகள் குத்திய சிவப்புத் துணி. உடலருகே ஒரு கடுகு டப்பா, அதற்குள் இரண்டு அடகுச் சீட்டுகள்.

அத்தை: எதை அடகு வைத்தாளாம்?

செல்வி: உடன் வாழ்ந்தவரின் பூட்ஸை, அத்தை. அந்த மனிதர் வெறுங்காலோடு கடை வாசலில் நின்றிருக்கிறார்.

அத்தை: ஐயோ பாவம்.

சித்தப்பா: கொலை நடந்த அன்று இரவு எட்டோஸ் காவல் நிலையத்தில்தானே இருந்தாள்?

செல்வி: ஆமாம். குடித்திருந்தார் என்று பிஷப்ஸ்கேட்டில் அடைத்து, ஒரு மணிக்கு வெளியே விட்டார்கள். 1.45க்கு மைட்டர் சதுக்கத்தில் பிணமாகக் கிடந்தார். அவனுக்குப் பலியான இன்னும் இருவர், நிக்கல்ஸையும் சாப்மனையும், அவரவர் இறந்த இரவில் படுக்கைக் காசு இல்லை என்று விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு படுக்கைக்கு நான்கு பென்ஸ்!

அத்தை: நடுராத்திரியில் பெண்ணை வெளியே தள்ளியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையா?

சித்தப்பா: கொலைகாரனைத் தேடுவதும் அந்தப் பெண்களுக்காகத்தான், அம்மா.

செல்வி: புத்தகத்தில் அப்படித் தெரியவில்லை, சித்தப்பா. ட்ரூயிட்டுக்கு ஒரு அத்தியாயம் முழுவதும் ஒதுக்கியிருக்கிறார்கள். கொலையான எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடனில் பிறந்து லண்டன் வந்தவர். அதற்கு ஒரே ஒரு வரி.

சித்தப்பா: நீ சொல்வது நியாயம்தான். நானும் அந்த வரியை வேகமாகத் தாண்டித்தான் போயிருப்பேன்.

அத்தை: செல்வி, புத்தகத்தைக் கதிரிடம் கொடுத்தனுப்பு. நானும் படிக்கிறேன்.

செல்வி: தருகிறேன், அத்தை. நடுவில் மேரி ஜேன் கெல்லி இறந்துகிடந்த அறையின் புகைப்படம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைச் சேர்த்து கிளிப் போட்டிருக்கிறேன். பிரிக்க வேண்டாம்.