பணக் கவலை இல்லாதபோதும் வேலையின்மை மனத்தை ஏன் வாட்டுகிறது?

கேள்வி: இடைவேளை

அனைவருக்கும் வணக்கம். பதினேழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் பணியாற்றிய நான், ஆட்குறைப்பில் வேலையை இழந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு ஆண்டுச் செலவுக்குப் போதுமான சேமிப்பு இருக்கிறது. கடன் ஏதும் இல்லை. வாங்கி அடுக்கிவைத்த நூல்களையெல்லாம் இனியாவது படித்து முடிக்கலாம் என்று முதல் மாதத்தில் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதுவரை ஒரு நூலைக்கூட முழுமையாகப் படிக்கவில்லை. பரபரப்பான நாள்களில் நண்பகலுக்குள் பத்துக் கோப்புகளைப் பார்த்து முடித்த எனக்கு, இன்று ஒரு விண்ணப்பத்தை அனுப்புவதற்கே ஒரு பகல் தேவைப்படுகிறது. இது என் சோம்பலா, அல்லது வேலையின்மையே மனத்தை இப்படி மாற்றுகிறதா? கிடைக்கும் எந்த வேலையையும் ஏற்றுக்கொள்ளுமாறு என் அண்ணன் வற்புறுத்துகிறார். அது சரியான அறிவுரைதானா என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: நிழல்கடிகை

தாங்கள் குறிப்பிட்ட அந்தப் படிக்காத நூல்கள்தாம் என்னை எழுதத் தூண்டின. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரீன்டால் என்னும் சிற்றூர், ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டதும் ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு நடத்திய ஆய்வு 1933இல் வெளியானது. மக்களுக்கு ஓய்வு நேரம் பெருகியிருந்தும், நூல் இரவலுக்கான கட்டணமே நீக்கப்பட்டிருந்தும், ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தையும் ஆய்வாளர்கள் மறைவாக அளந்தார்கள். வீட்டு வேலை குறையாத பெண்கள் விரைவாக நடக்க, ஆண்கள் மெதுவாக நடந்து, அடிக்கடி நின்றார்கள்.

வேலை தருவது ஊதியம் மட்டுமன்று என்று யஹோடா பின்னர் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்துமுடிக்கும் நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், விடாத செயல்பாடு ஆகிய ஐந்தும் நாம் கேட்காமலேயே அதனோடு வந்துசேர்கின்றன. தங்கள் சேமிப்பு ஈடுசெய்வது ஊதியத்தை மட்டுமே. ஆகவே இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

பதில் 2: மறுதட்டு

அண்ணனின் அறிவுரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்த வேலையும் வேலையின்மையைவிட மேல் என்பது பலரும் சொல்லும் கருத்து; நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆஸ்திரேலியக் குடும்பங்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான கட்டுரை இதற்கு மாறாகச் சொல்கிறது. வேலையின்மையிலிருந்து நல்ல வேலைக்குச் சென்றவர்களின் மனநலம் உயர்ந்தது. ஆனால் மிகுந்த நெருக்கடி, தம் பணியைத் தாமே தீர்மானிக்க இயலாமை, நிலையின்மை, உழைப்புக்கு ஏற்ற ஊதியமின்மை ஆகியவை கூடிய வேலைக்குச் சென்றவர்களின் மனநலமோ, வேலையில்லாமலேயே இருந்தவர்களுடையதைவிட அதிகமாகச் சரிந்தது. பணியின் சுமை கூடும்போது அதன் மீதான கட்டுப்பாடு குறைவாக இருப்பதே உளைச்சலின் ஊற்று என்று பணிச்சூழல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதியதும் இங்கே பொருந்துகிறது. சேமிப்பு உள்ள தங்களுக்கு மறுக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாதவர்களிடம் இந்த ஆய்வைக் காட்டி அறிவுரை சொல்வது கொடுமையாகிவிடும்.

பதில் 3: ஐயவாதி

முதல் பதிலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாளின் ஒழுங்கு குலைவதே காரணம் என்றால், அந்த ஒழுங்கு இல்லாத ஓய்வுபெற்றவர்களும் வாடவேண்டும். ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2014இல் காட்டியது இதுதான்: நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஓய்வுபெறும் நிலைக்கு மாறியவுடன் அவர்களின் வாழ்க்கைத் திருப்தி தெளிவாக உயர்கிறது. அன்றாடத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மாறியது பெயர் மட்டுமே. "உழைக்கவேண்டியவன் உழைக்காமல் இருக்கிறான்" என்னும் குற்றவுணர்வு, ஓய்வுபெற்றவர் என்ற சொல்லோடு அகன்றுவிடுகிறது. உளவியலாளர் டேவிட் ஃப்ரையர் வேறொன்றையும் சேர்க்கிறார்: வேலையின்மை மனிதரைச் செயலற்றவராக்குவது, வருங்காலத்தைத் திட்டமிடும் ஆற்றலை அது பறித்துக்கொள்வதால்தான். தங்கள் சேமிப்புக்கு இரண்டு ஆண்டு என்றொரு எல்லை உண்டு; வேலை கிடைக்கும் நாளுக்கு அப்படி எல்லை இல்லை. அந்த நிலையில் நூலில் மனம் செல்லாததில் எனக்கு வியப்பில்லை.

இடைவேளை

மூவருக்கும் நன்றி. யாரேனும் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, இப்போதும் பழைய பதவியையே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறேன் என்பதை ஐயவாதியின் பதிலைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கணக்குப் பார்க்கும் சிறு பணி ஒன்று வந்திருக்கிறது. அவ்வளவு குறைந்த வேலையால் பயன் உண்டா?

நிழல்கடிகை

உண்டு என்றே கருத இடமிருக்கிறது. பிரிட்டனின் நெடுங்காலத் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு எட்டு மணி நேரம் வரையிலான வேலையே மனநலச் சிக்கலின் வாய்ப்பைக் கணிசமாகக் குறைப்பதாகவும், அதற்கு மேல் நேரம் கூடுவதால் மனநலத்துக்குக் கூடுதல் பயன் தென்படவில்லை என்றும் கண்டது. ஆயினும், மறுதட்டு அவர்கள் பட்டியலிட்ட நான்கையும் அந்தப் பணியிடத்தில் ஒருமுறை விசாரித்த பின்னரே ஒப்புக்கொள்ளுங்கள்.