கோத்தகிரி முதியோர் இல்லத்தில் சிரங்கு: கம்பளிகளை என்ன செய்வது?

கேள்வி (கோத்தகிரி வார்டன்):
எங்கள் இல்லத்தில் 22 பேர். ஒன்பது பேருக்கு ராத்திரியானால் அரிப்பு, விரலிடுக்கில் சின்னச் சின்னக் கோடுகள். குளிரில் தோல் வறண்டது என்று நினைத்து ஒரு மாதம் தேங்காய் எண்ணெய் தடவி ஏமாந்தேன். டாக்டர் சிரங்கு என்றார், பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதியிருக்கிறார். அரிப்பவர்களுக்கு மட்டும் போட்டால் போதுமா? இந்த ஆடி மூடுபனியில் 40 கம்பளியை எங்கே காயவைப்பது? ஒரு பாட்டி ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டேன் என்கிறார்.

குன்னூர் நர்ஸ்:
போதாது அண்ணா. முதல் முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் எல்லோருக்கும், சமையல்காரம்மா உட்பட, ஒரே நாளில் தடவ வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியிலும். வயதானவர்களுக்குத் தலை, காதுக்குப் பின்னாலும். ராத்திரி கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். ஒரு வாரத்தில் இரண்டாம் முறை. டாக்டரிடம் எல்லோருக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

ஊட்டிக்காரன்:
கம்பளியைத் துவைக்கவே வேண்டாம் சார். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தேதி எழுதி வையுங்கள். சிரங்கை உண்டாக்கும் சின்னப் பூச்சி உடம்பை விட்டால் 2, 3 நாள்தான் தாங்கும். குளிர் ஈரத்தில் கொஞ்சம் இழுக்கும் என்பதால் நாங்கள் ஒரு வாரம் வைத்தோம். அவிழ்த்தபோது வந்த வாடை இருக்கிறதே!

கோத்தகிரி வார்டன்:
சரி, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். பாட்டிக்கு என் மனைவியின் ஸ்வெட்டர்.

குன்னூர் நர்ஸ்:
அப்புறமும் சில வாரம் அரிக்கும், பயப்படாதீர்கள். புதுசாகக் கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.