நடு முற்றம் இருந்தும் இரவில் வீடு வேகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிளிநொச்சி, பரந்தன் பக்கம் எங்கள் வீடு. 2022இல் நாற்சார் பாணியில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வீடு வரும்படி கட்டியது. நடு முற்றம் 10 அடிக்கு 12 அடி, மேலே திறந்தபடி. சுவர் 6 அங்குலச் சீமெந்துக் கல், கூரை ஓடு, முற்றத்துத் தரை முழுக்கச் சீமெந்து.

ஏப்ரலில் தொடங்கினால் செப்டெம்பர் வரை முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் படுக்க முடியவில்லை. இரவு பத்து மணிக்கு வெறுங்காலோடு இறங்கினாலும் தரை சுடுகிறது. வெளியே சோளகம் (தென்மேற்குக் காற்று) பனையோலையைப் போட்டு அடிக்கிறது, உள்ளே கொடியில் போட்ட துணிகூட அசையாது. தெற்குச் சுவரில் யன்னலே இல்லை.

முற்றத்துக்கு மேலே பச்சை வலை கட்டினோம். பகல் வெயில் குறைந்தது, ஆனால் இரவில் சூடு மேலே போகாமல் இன்னும் புழுங்கியது. கழற்றிவிட்டோம். மாலையில் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் ஆறுதல், அப்புறம் அதே கதை. கோடையில் கிணறும் இறங்கிவிடும். பகலில் யன்னல் சாத்தி இரவில் திறப்பது மட்டும் சற்று உதவுகிறது. மேசன் கண்ணாடித் தகடு போட்டு மூடச் சொல்கிறார். அடுப்புக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும், வேண்டாம்.

கையில் உள்ள காசு ஒரு வேலைக்குத்தான் காணும். தரைச் சீமெந்தை உடைத்து மண்ணாக்கி மாதுளை நடுவதா, தெற்குச் சுவரில் காற்றுக்கு வழி திறப்பதா, எதை முதலில் செய்யலாம்?